மதாம் எல்லாருக்கும் பதில் போடுவா

பாரிசில், லாச்சப்பல் மெத்ரோ வாசலில் சின்ன மஞ்சள் கடதாசித் துண்டுகள் கொடுப்பார்கள். பெரிய ஞானி, பேராசிரியர், விட்டுப்போன கணவனை ஏழு நாளில் திருப்பிக் கொண்டுவருவார் என்று அச்சடித்திருக்கும். எல்லாரும் வாங்கி அடுத்த குப்பைத்தொட்டியில் போடுவார்கள். நானும் அப்படித்தான். ஒருநாள் இரண்டு கையிலும் மரக்கறிப் பை. துண்டு என்னோடேயே நான் வேலை செய்கிற மதாமின் வீட்டுக்கு வந்துவிட்டது. மேசையில் போட்டுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தா.

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, உங்கள் அறிவித்தல் கிடைத்தது. நன்றி. எனக்குக் கணவர் இருந்ததில்லை. ஆகவே அவர் விட்டுப்போகவும் இல்லை. உங்கள் தொழில் நன்றாக நடக்க வாழ்த்துகிறேன்."

"இதிலை விலாசம் இல்லை மதாம்" என்றேன்.

"துண்டைக் கொடுத்தவர் நாளைக்கும் அங்கேதானே நிற்பார்? அவர் கையில் கொடுங்கள்."

கொடுத்தேன். அந்த மனிதர் அங்கேயே பிரித்து வாசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

"பதில்" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். விடியப் பஸ் எடுத்து சென் தெனி, அங்கிருந்து றெயின், பிறகு நடை. வயசான ஆட்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, துடைத்து, குளிக்க வார்த்துவிடுகிற வேலை. ஒரு நாளைக்கு நாலு வீடு. மதாமின் வீடு முதலாவது. ரூ பஜோலுக்குப் பக்கத்துச் சந்தில், லிஃப்ற் இல்லாத பழைய கட்டடத்தில் நாலாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுத்தான் மிச்சப் படி ஏறுவேன். மதாமுக்குத் தொண்ணூற்று மூன்று. அவ கீழே இறங்குவதே இல்லை. ஆனபடியால் ஏறும்போது கடிதப்பெட்டியைத் திறந்து, இருப்பதையெல்லாம் கொண்டுபோவதும் என் வேலை.

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். பீற்சாக் கடைத் துண்டு, சுப்பர்மார்க்கெற் மலிவுப் பட்டியல், தண்ணீர்க் குழாய் திருத்துகிறவரின் அட்டை. முதல் கிழமை நான் அவற்றை வாசலிலேயே கழித்துப் போட்டேன். மதாம் கண்டுபிடித்துவிட்டா. கத்தவில்லை. "மதாம், எனக்கு வந்ததை நான்தான் எறியவேண்டும்" என்று மட்டும் சொன்னா. என்னையும் அவ மதாம் என்றுதான் கூப்பிடுவா. கடைசி நாள்வரை இரண்டு பேரும் மதாம், மதாம்தான். அவவின் பிரெஞ்சு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற பிரெஞ்சு. என்னுடையது வேலைத்தலத்தில் பொறுக்கினது.

காலை பத்து மணிக்கு மேசை. நீலத் தாள், மை நிரப்புகிற பேனை. பீற்சாக் கடைக்கு: "எனக்கு இப்போது பல் இல்லை, மன்னியுங்கள்." மரணச் செலவுக் காப்புறுதிக்காரருக்கு: "உங்கள் அக்கறைக்கு நன்றி, இன்னும் அவசரம் இல்லை." பக்கத்து இந்துக் கோயில் தேருக்கு வீதி மறிக்கப்படும் என்று கட்டடம் முழுக்க ஒரு அறிவித்தல் போட்டிருந்தார்கள். அதற்கும் எழுதினா. "அன்று நான் எங்கும் போவதாக இல்லை. சன்னலில் நின்று பார்ப்பேன். உங்கள் கடவுளுக்கு என் வணக்கம்." அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அங்கே நின்ற ஐயா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு வருஷமா இந்தக் கடிதத்தை எல்லா வீட்டுக்கும் போடுறம் பிள்ளை. ஒருத்தரும் பதில் போட்டதில்லை" என்றார். தேரன்று மதாம் நல்ல சட்டை உடுத்து, சன்னலடியில் கதிரை போடச் சொல்லி, மத்தியானம்வரை இருந்தா. தேர் அந்தச் சந்துக்குள் வராது. மேளம் மட்டும் கேட்டது. பார்ப்பேன் என்று எழுதிவிட்டேனே என்று இருந்தா.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. அலுப்புத்தான் கூட. முத்திரை வாங்க வரிசையில் நிற்கிறது நான். தபாற்பெட்டி தேடி நடக்கிறது நான். ஒருநாள் சமைக்கிறதை விட்டுவிட்டுக் கேட்டேன், "ஏன் மதாம் இந்தப் பாடு? அவை இதை வாசிக்கப் போறதில்லை."

"வாசிப்பது அவர்கள் பொறுப்பு" என்றா.

அவவின் அப்பா இந்த ஊர்க்காரர் இல்லை. கஸ்பியன் கடலோரம், எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஒரு பட்டணத்திலிருந்து வந்தவர். அஜர்பைஜான். நான் அந்தப் பெயரை முதன்முதல் கேட்டது மதாமின் வாயில்தான். பழைய பெரிய யுத்தத்தில் ருசியச் சக்கரவர்த்தி விழுந்தபோது, அந்தச் சனங்கள் தங்களுக்கென்று ஒரு நாட்டை அறிவித்தார்கள். பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தார்கள். "பிரான்சுக்கு முன்னால்" என்று மதாம் ஒவ்வொரு முறையும் விரலை நீட்டுவா. பாரிசில் வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் கூடி உலகத்தைப் பங்கு பிரிக்கிறார்கள், அங்கே போய் எங்களுக்கும் ஒரு நாடு இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று ஒரு குழுவை அனுப்பினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் ஒரு வழக்கறிஞர். பத்திரிகை நடத்தினவர். அவர்களின் பாராளுமன்றத்துக்கே தலைவர். குழுவில் தட்டெழுத்து அடிக்க வந்த இளைஞர்தான் மதாமின் அப்பா.

மதாம் அந்தப் பெரிய மனிதரின் பெயரைச் சொல்லுவா. என் வாய்க்கு அது வராது. "தலைவர் என்று சொல்லுங்கள், போதும்" என்றா. எங்கள் ஆட்களுக்குத் தலைவர் என்றால் வேறொருவர். அதை மதாமுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை. பெரியவர் என்றே எனக்குள் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் பாரிசுக்கு வந்து சேரவே மாதக்கணக்கு எடுத்தது. வழியில் இஸ்தான்புல்லில் விசாவுக்குக் காத்துக்கிடந்தார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது மதாம் என்னைப் பார்ப்பா. நானும் பாங்கொக்கில் ஒரு அறைக்குள் பதினொரு பேரோடு எட்டு மாதம் கிடந்தவள். அது அவவுக்குத் தெரியும். வந்து சேர்ந்து பெரிய ஹொட்டேலில் தங்கினார்கள். அமெரிக்க ஜனாதிபதியைக்கூட ஒருமுறை சந்தித்தார்கள். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, உலகத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைக்க விருப்பமில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் அடுத்த வருஷத் தொடக்கத்தில், ஓம், உங்கள் நாட்டை ஏற்கிறோம் என்று வல்லரசுகள் சொல்லின. மூன்று மாதம் கழித்துச் செஞ்சேனை அந்தப் பட்டணத்துக்குள் வந்துவிட்டது. நாடு இருக்கிறது என்கிற கடதாசியோடு பெரியவர் பாரிசில் நின்றார். நாடு இல்லை.

"பிறகு என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"எழுதினார். வேறென்ன?"

பதினாலு வருஷம் எழுதினார். எங்கே மாநாடு நடந்தாலும் அங்கே ஒரு கடிதம். எந்த அமைச்சர் மாறினாலும் புதியவருக்கு ஒரு கடிதம். ஹொட்டேலிலிருந்து சின்ன வீடு, சின்ன வீட்டிலிருந்து ஊருக்கு வெளியே இன்னும் சின்ன வீடு. மதாமின் அப்பா ஒரு றெயில்வேக்காரரின் மகளைக் கட்டி இந்த லாச்சப்பல் வீட்டுக்கு வந்தார். பகலில் கார்த் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் இங்கே வருவார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தட்டெழுத்து இயந்திரத்தைத் தூக்கி வைத்து, பெரியவர் நடந்து நடந்து சொல்ல அப்பா அடிப்பார். சின்னப் பிள்ளை மதாம் மேசைக்குக் கீழே இருப்பா. பெரியவரின் சப்பாத்து மினுமினு என்று இருக்குமாம். அடிப்பக்கம் மட்டும் கடதாசி மட்டை வைத்திருப்பாராம். அது மேசைக்குக் கீழே இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

ஒரு வசந்தகாலத்தில் பெரியவரின் கல்லறைக்குப் போகவேண்டும் என்றா. மேற்குப் பக்கப் புறநகர் ஒன்றில், மேட்டில் இருக்கிற சவக்காலை. எங்கள் கொம்பனி இதுக்கெல்லாம் விடாது. என் லீவு நாளில் ஸ்தேன் ஆள் ஒருவரின் காரைப் பிடித்தேன். நாலு மாடியும் அவவை இருத்தி இருத்தி இறக்க முக்கால் மணித்தியாலம் போனது. காரோட்டியவர் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, இந்த மனிசி ஆரின்ரை கல்லறைக்குப் போறா? தகப்பன்ரையோ?"

"இல்லை. தகப்பன்ரை முதலாளி மாதிரி ஒராள். ஒரு நாட்டுக்காக இஞ்சை வந்து நிண்டு, அந்த நாடு பறிபோய், இஞ்சையே செத்துப்போனவர்."

"இப்ப அந்த நாடு இருக்கோ?"

"ஓம், இப்ப இருக்கு."

"அப்ப பிறகென்ன. கிடைச்சிட்டுதுதானே. அதைக் கேளுங்கோ அவவை."

நான் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னா, "கிடைத்தது. அப்போது எனக்கு எழுபது வயது. அப்பா இறந்து முப்பது வருடம்." அதைத் தமிழில் சொன்னேன். காரோட்டி றேடியோவை நிற்பாட்டினார்.

கல்லறையில் யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். பட்டு நாடாவில் எழுத்து. மதாம் கைத்தடியில் சாய்ந்து நின்று, புதைத்த அன்று மழை என்றா, அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதல் முதல் பார்த்தேன் என்றா. ஐந்து நிமிடம்தான். பிறகு குளிர்கிறது, போவோம் என்றா.

இனி என் கதையையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மதாமைச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு தம்பி. மன்னாரில் ஐஸ் கொம்பனியில் மெக்கானிக். சண்டை வர வர இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய், கடைசி நாட்களில் கடற்கரை மணலில் பங்கருக்குள் இருந்தார்கள். "நீங்கள் சனத்தோடை நடவுங்கோ, நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று மனைவியையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டுத் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு போனவன். அவ்வளவுதான். மனைவி ரெஜினாவும் பிள்ளையும் முகாமுக்குப் போய், முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தம்பி வரவில்லை. நானும் எழுதினேன்தான். எத்தனை கந்தோர், எத்தனை படிவம். இலக்கம் போட்ட துண்டு இரண்டு வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ஐந்து வருஷம் கழித்து ரெஜினா கடிதம் போட்டாள். போனில் கதைக்கிறவள், இதை எழுதினாள். அவளின் ஊரில் மனைவி இறந்த ஒரு ஆசிரியர். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்து போனவர், நல்ல மனிசன், கேட்கிறார். "மச்சாள், எனக்கு முப்பத்தெட்டு வயசு. உங்களிட்டைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன். அவர் உயிரோடை இல்லை எண்டு நாங்கள் நம்புறம் எண்டு அவரின்ரை வீட்டாக்களிட்டை ஒரு கடிதம் வேணும் எண்டு பங்குச் சுவாமி சொல்லுறார். வீட்டாக்கள் எண்டால் இப்ப நீங்கள்தான். ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் ஒண்டு எழுதுங்கோ."

நான் எழுதவில்லை. ஓம் என்று எழுதினால் தம்பியை நானே என் கையால் சாகடித்த மாதிரி. இல்லை என்று எழுத எனக்கு என்ன உரிமை? கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். அவளின் போன் வந்தால் எடுக்கவில்லை. பிறகு அவளும் எடுப்பதை நிற்பாட்டினாள். பதினாலு மாதம் அந்தக் கடிதத்தோடு பஸ் ஏறி இறங்கினேன்.

ஒருநாள் மதாமின் வீட்டில் கதவுத் திறப்பைத் தேடிப் பையைக் கொட்டினபோது அது விழுந்தது. மதாம் எடுத்தா. முத்திரையைப் பார்த்தா, பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்த விலாசத்தை வாய்விட்டு வாசித்தா, தபாலகத் திகதியையும் பார்த்தா.

"பழைய கடிதம்."

"ஓம்."

"என்ன பதில் எழுதினீர்கள்?"

எனக்கு அன்றைக்கு இடுப்பு நோ. நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். ஏன் என்று தெரியாது, இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒருத்தருக்கும் சொல்லாததை. மதாம் கேட்டுக்கொண்டிருந்தா. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் பதில் போடவேண்டும்" என்றா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், காலைவணக்கம் சொன்ன கையோடு, "பதில் போட்டீர்களா மதாம்?" குளிக்க வார்க்கும்போது, "பதில்?" போகும்போது கதவடியில், "மறக்கவேண்டாம்." எட்டாவது கிழமையோ என்னவோ, தாங்க முடியாமல், "போட்டிட்டன்" என்றேன்.

மதாமின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. சவர்க்காரம் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இப்போது கேள்வி மாறியது. "உங்கள் மச்சாள் என்ன எழுதினார்?" "இன்னும் வரேல்லை மதாம்." "இன்னும் இல்லையா?" ஒரு மாதம், இரண்டு மாதம். "இது மரியாதை இல்லை" என்று மதாம் புருவத்தைச் சுளித்தா. நான் தலையாட்டிவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா போன் எடுத்தாள். இலக்கத்தைப் பார்த்தும் ஏதோ ஒரு துணிவில் எடுத்துவிட்டேன்.

"மச்சாள், நான் ரெஜினா. சுகமா இருக்கிறியளே?"

"ஓம் பிள்ளை. நீ?"

"மச்சாள், எனக்குப் பாரிசிலை இருந்து ஒரு மதாம் கடிதம் போட்டிருக்கிறா. இங்கிலிசிலை. சுவாமிதான் வாசிச்சுச் சொன்னவர். நீங்கள் எனக்குப் பதில் எழுதினனீங்களாம். நான் ஏன் திருப்பி எழுதேல்லை, நீங்கள் கவலைப்படுறியளாம் எண்டு கொஞ்சம் ஏசியும் இருக்கிறா." அவள் அழப்போகிறாள் என்று குரலில் தெரிந்தது. "மச்சாள், சத்தியமா எனக்கு உங்கடை கடிதம் வந்து சேரேல்லை. வந்திருந்தால் நான் எழுதாமல் இருப்பனே? போஸ்ற்றிலை எங்கையோ துலைஞ்சு போச்சு. நீங்கள் அதிலை என்ன எழுதினனீங்கள்? இப்ப சொல்லுங்கோ மச்சாள்."

அவள் என்னைச் சந்தேகிக்கக்கூட இல்லை. தபாற்காரனில் பழி போட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"போனிலை சொல்ல ஏலாது பிள்ளை. திருப்பி எழுதி அனுப்புறன்" என்றேன்.

"சரி மச்சாள். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நான் விலாசம் பார்க்காமல் தபாற்பெட்டியில் போட்ட நீல உறைகளோடு அதுவும் போயிருக்கவேண்டும். திங்கட்கிழமை நாலு மாடியையும் நிற்காமல் ஏறினேன். மதாம் மேசையில் இருந்தா. காலைவணக்கம் சொல்லவில்லை நான்.

"ஆரைக் கேட்டு என்ரை மச்சாளுக்கு எழுதினீங்கள்?"

"அவர் உங்களுக்குப் பதில் போடவில்லை என்று சொன்னீர்கள்."

"நான் பொய் சொன்னனான்! நான் எழுதவேயில்லை. உங்கடை வாயை மூடத்தான் சொன்னனான். உங்களுக்கு வேலை இல்லை, கடிதம் எழுதுறீங்கள். பீற்சாக் கடைக்கும் எழுதுறீங்கள், என்ரை தம்பியின்ரை பெண்சாதிக்கும் எழுதுறீங்கள். உங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்."

மதாம் பேனையை மூடி வைத்தா. "அப்படியானால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டும்" என்றா.

ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கொம்பனிக்குப் போன் எடுத்து, முழங்கால் ஏலாது, மாடி வீடு வேண்டாம் என்றேன். அதில் பாதி உண்மை.

மூன்று கிழமை கழித்து ஸ்தேன் வீட்டுக்கு நீல உறை வந்தது. நாலே வரி. "மதாம், உங்கள் கோபம் நியாயமானது. உங்களைக் கேட்காமல் நான் எழுதியது பிழை. உங்கள் மச்சாளுக்கு மறுபடி எழுதவில்லை. நீங்கள் சொல்லாமல் எழுதமாட்டேன். இதற்கு நீங்கள் பதில் போடவேண்டியதில்லை."

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதை எழுத அவவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இந்தப் பாரிசில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த கிழமை வேறு வீடு ஒன்றை முடித்துவிட்டு, சம்பளமில்லாமல், அந்த மாடியை ஏறினேன்.

மதாம் மெலிந்திருந்தா. புதிதாக வருகிற பெண் நல்லவள், ஆனால் துண்டுகளைக் கொண்டுவருவதில்லை என்றா. கோப்பி போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மட்டையை எடுத்துவரச் சொன்னா. உள்ளே ஒரு போட்டோக்கொப்பி.

நாடு திரும்பக் கிடைத்த பிறகு, அங்கேயிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து அப்பாவின் கடதாசிகளைப் பார்த்துவிட்டுப் போனாராம். அவர் பிறகு ஒரு பெரிய நாட்டின் வெளிநாட்டு அமைச்சின் பழைய கோப்புகளுக்குள் தேடி, இதைக் கண்டு அனுப்பியிருந்தார். பெரியவர் கையெழுத்து வைத்த கடிதம். அப்பா அடித்தது. கிடைத்தது என்று ஒரு ரப்பர் முத்திரை. ஓரத்தில், பென்சிலால், யாரோ இரண்டு சொல் எழுதி முதலெழுத்து வைத்திருந்தார்கள். மதாம் விரலை வைத்துக் காட்டினா. "பதில் தேவையில்லை."

"இந்தக் கடிதம் எனக்கு ஞாபகம்" என்றா. "ஓரம் கோணலாகிவிட்டது என்று அப்பா மூன்றுமுறை அடித்தார். எனக்கு எட்டு வயது. அனுப்பிய அடுத்த கிழமையிலிருந்து கடிதப்பெட்டி பார்க்க என்னைத்தான் கீழே அனுப்புவார். காலையிலும் பின்னேரமும். நாலு மாடி. நான் மேலே வரும்போது அப்பா கதவைத் திறந்துகொண்டு நிற்பார். ஏழு மாதம். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள் இரண்டு பேரும். சாகும்வரை அப்படித்தான் நம்பினார்கள். தொலையவில்லை மதாம். போய்ச் சேர்ந்தது. யாரோ வாசித்தார். பிறகு பென்சிலை எடுத்தார்."

ஆறிப்போன கோப்பியை அவவின் பக்கம் தள்ளி வைத்தேன்.

"முடியாது என்று எழுதியிருந்தால் அப்பா அழுதிருப்பார். பிறகு சாப்பிட்டிருப்பார். பெரியவர் தன் வயதான காலத்தில் ஏதாவது வேறு வேலை பார்த்திருப்பார். எனக்குத் தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "இந்தக் காகிதம் வந்த பிறகுதான் நான் எல்லாருக்கும் எழுதத் தொடங்கினேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் சில நேரம் சிரிப்பாகத்தான் இருக்கிறது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் இருந்து இரண்டு தாள் எழுதினேன். ஒன்று சுவாமிக்கு. என் தம்பி உயிரோடு இல்லை என்று நான் நம்புகிறேன், அவன் மனைவி மறுமணம் செய்ய எங்கள் குடும்பத்துக்கு மறுப்பில்லை. ஐந்து வரிக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மற்றது ரெஜினாவுக்கு. அதில் உண்மையை எழுதினேன். "பிள்ளை, நான் முதல் எழுதினன் எண்டது பொய். ஒண்டும் துலையேல்லை. எனக்கு எழுதக் கை வரேல்லை. சுவாமிக்கு எழுதினதை முழுசா நான் நம்புறனோ எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. றெயினிலை ஆரும் பின்பக்கத்தாலை அவனைப் போல நிண்டால் இப்பவும் முன்னாலை போய் முகத்தைப் பாக்கிறனான். அது என்ரை பாடு. நீ காத்திருக்காதை. கலியாணத்தைக் கட்டு. பிள்ளைக்குச் சித்தப்பா எண்டு சொல்லிக் குடுக்காதை, அப்பா எண்டே கூப்பிடட்டும்."

மதாமுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "நல்லது" என்றா. அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பழையபடி அந்த வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முழங்கால் பாட்டுக்கு நொந்தது.

ரெஜினா போன் எடுத்தாள்.

"மச்சாள், கிடைச்சுது."

"ம்."

"சுவாமிக்கு எழுதினதைக் குடுத்திட்டன். எனக்கு எழுதினதை நான் வைச்சிருக்கிறன்." அவளின் வீட்டில் சேவல் கூவினது கேட்டது. "நீங்கள் சாப்பிட்டியளே மச்சாள்?"

"ஓம் பிள்ளை. நீ சாப்பிடு."

அடுத்த தை மாதம், விடியப் பஸ்ஸில் இருக்கும்போது கொம்பனியிலிருந்து போன் வந்தது. இண்டைக்கு லாச்சப்பல் வீட்டுக்குப் போகத் தேவையில்லை, இரண்டாவது வீட்டுக்கு நேரே போங்கள் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முதல்நாள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினபோதே எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு ஏழு பேர் வந்திருந்தோம். ஒருவர் மரணச் சடங்குக் கந்தோர்க்காரர்.

எங்கள் மாதா கோயிலில் கார்த்திகை மாதம் இறந்த ஆத்துமாக்களுக்குப் பூசை. வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். அவரவர் தங்கள் ஆட்களின் பெயரை எழுதுவார்கள். சுவாமி பீடத்தில் நின்று எல்லாவற்றையும் வாசிப்பார். இத்தனை வருஷமாக அந்தக் கொப்பிக்குக் கிட்டப் போகாமல், பக்கத்துக் கதவால் உள்ளே போய்விடுவேன். அந்த வருஷம் வரிசையில் நின்றேன். தம்பியின் முழுப்பெயரை எழுதினேன். பேனையை அடுத்த ஆளிடம் கொடுக்கப்போனவள், கொடுக்காமல், கீழே மதாமின் பெயரையும் எழுதினேன்.

பூசைக்கு முன் இளம் சுவாமி கொப்பியோடு என்னைத் தேடி வந்தார். "அக்கா, இதை எப்பிடி வாசிக்கிறது? இது எங்கடை ஆளோ?"

"ஓம் சுவாமி" என்றேன். பெயரை இரண்டுதரம் சொல்லிக்கொடுத்தேன்.

பட்டியல் நீளம். எல்லாரும் முழந்தாளில் இருந்தார்கள். எனக்கு முழந்தாளில் இருக்க ஏலாது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பியின் பெயர் வந்தபோது விழுந்துவிடுவேன் என்று பயந்திருந்தேன். விழவில்லை. சுவாமி அடுத்த பெயருக்கு வந்து, கொஞ்சம் தடக்குப்பட்டு, பிழையாகவே வாசித்துவிட்டு, அதற்கடுத்த பெயருக்குப் போனார். நான் வாங்குப் பலகையில் போய் இருந்தேன். அன்றைக்குத்தான் தம்பிக்காக அழுதேன்.